5 வாட்டில் எழுதிப் பேசுவது எப்படி?

வாசகர் கேள்வி: என்னிடம் அமெச்சூர் வானொலிக்கான 5 வாட் டிரான்ஸீவரும் (சிக்னலை அனுப்பவும் பெறவும் உதவும் ரேடியோ) ஒரு கம்பி ஆன்டெனாவும் இருக்கின்றன. கணினி வழியாகச் சிறு தகவல்களை மட்டும் பரிமாறும் எஃப்டி8 முறையில் பல நாடுகளைத் தொட்டுவிட்டேன். ஆனால் சிக்னல் அளவைப் பரிமாறிக்கொண்டதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு மனிதரோடு பேசிய நிறைவு இல்லை. தட்டச்சு செய்து உரையாடும் பிஎஸ்கே31 முறையில் அழைத்தால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஒருவர் மட்டும் ‘உங்கள் சிக்னல் அகலமாக இருக்கிறது’ என்று எழுதினார். இந்தச் சக்தியில் நிதானமாக உரையாட முடியுமா?

முடியும். அந்த ஒருவர் எழுதியதை விட்டுவிடாதீர்கள். அவர் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்.

முதலில் 5 வாட் போதாது என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். குரல் வழி ஒலிபரப்பில் 100 வாட் சுமார் 2,400 ஹெர்ட்ஸ் அகலத்தில் பரவுகிறது. பிஎஸ்கே31-இல் உங்கள் 5 வாட் ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸுக்குள் அடங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஹெர்ட்ஸுக்குக் கிடைக்கும் சக்தி, அந்த 100 வாட் குரலைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. பீட்டர் மார்ட்டினெஸ் 1990-களின் இறுதியில் இந்த முறையை உருவாக்கியதே இருவர் விசைப்பலகையில் எதிரெதிரே அமர்ந்து பேசுவதற்காகத்தான்.

ஆனால் அந்தக் குறுகிய அகலத்தை நாமே கெடுத்துவிட முடியும். எஃப்டி8-இல் அலையின் உயரம் மாறாமல் இருக்கும். கணினியிலிருந்து ஒலியைச் சற்று அதிகமாக ஊட்டினாலும் ரேடியோ பொறுத்துக்கொள்ளும். பிஎஸ்கே31 அப்படியல்ல. ஒவ்வொரு முறை அலையின் கட்டம் (ஏற்ற இறக்க நிலை) தலைகீழாகும்போதும் அலை பூஜ்யம்வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஒலி மிகுந்தால் முகடுகள் நசுங்குகின்றன. இருபுறமும் ஏணிப்படி போலத் தேவையற்ற கோடுகள் வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் காட்டும் கணினித் திரைப்படத்தில்) தெரிகின்றன. அக்கம்பக்கத்தில் பேசுகிறவர்களுக்கு இடைஞ்சல். உங்கள் எழுத்தோ எதிர்முனையில் சிதைகிறது. எஃப்டி8-க்கு வைத்த அதே ஒலியளவில் நீங்கள் பிஎஸ்கே31 அனுப்பியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

குரலை அழுத்திக் கூட்டும் ஸ்பீச் பிராசஸர் இருந்தால் அணைத்துவிடுங்கள். கணினியின் ஒலியளவைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஒலி மிகுவதைக் காட்டும் ரேடியோவின் ஏஎல்சி முள் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அது மீண்டும் ஓயும்வரை குறையுங்கள். அப்போது சராசரி சக்தியைக் காட்டும் மீட்டர் 2.5 வாட் அளவில் நின்றால் பதறி ஏற்றிவிடாதீர்கள்: எழுத்து எதுவும் தட்டாத நேரத்தில் பிஎஸ்கே31 இரண்டு தொனிகளாகவே செல்கிறது, ஆகவே 5 வாட் உச்சத்துக்குச் சராசரி பாதிதான். அலைவரிசைப் பட்டையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கணினியின் அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்திவிடுங்கள். மின்னஞ்சல் மணி வானில் ஒலிப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில சிறிய ரேடியோக்கள் உயரம் மாறாத அலைகளை மட்டுமே அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையது அந்த வகையானால் எவ்வளவு திருத்தினாலும் பிஎஸ்கே31 சுத்தமாக வராது. வருந்த வேண்டாம், ஜேஎஸ்8 என்ற இன்னொரு முறை இருக்கிறது. எஃப்டி8-இன் அடித்தளத்தில் எழுந்த அது, இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலையும் படித்துவிடும். நீங்கள் விரும்பியதை எழுதலாம். எதிர்முனையில் ஆள் இல்லையென்றால் இன்னொரு நிலையத்தில் செய்தியை விட்டுவைக்கவும் முடியும். வேகம் குறைவு, கடிதம் எழுதும் பொறுமை வேண்டும். 20 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் 14.078 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள்.

பிஎஸ்கே31-க்கு 14.070. அங்கே கூட்டம் குறைந்திருப்பது உண்மைதான். அதனால் நீங்கள் அழைப்பதைவிட, அழைக்கிறவர்களுக்குப் பதில் கொடுப்பதே குறைந்த சக்திக்குப் பலன் தரும். துருவப் பகுதிகள் வழியாக வரும் சிக்னல்கள் நடுங்கும்போது பிஎஸ்கே31 தடுமாறும். அந்நேரம் எதிர்முனையாளரிடம் ஒலிவியா என்ற எழுத்து முறைக்கு மாறலாமா என்று கேளுங்கள். அது மெதுவாகச் செல்லும், ஆனால் காதுக்கே கேட்காத சிக்னலிலிருந்தும் வாக்கியங்களை மீட்டெடுக்கும்.

பேச்சு தொடங்கியதும் தயாரித்துவைத்த மேக்ரோக்களை (ஒரு பொத்தானில் செல்லும் வாசகங்களை) சொரியாதீர்கள். ரேடியோ, ஆன்டெனா, கணினி விவரங்கள் பொத்தான் தட்டலில் கொட்டினால் மறுபடி எஃப்டி8-இன் வறட்சிதான். மென்பொருளில் நீங்கள் முன்கூட்டியே தட்டச்சு செய்துவைக்க ஓர் இடம் இருக்கிறது. அவர் எழுதுவதைப் படித்துக்கொண்டே அங்கே உங்கள் பதிலைத் தொடங்கிவிடுங்கள். அவர் கேட்டதற்கு உங்கள் முதல் வரியே விடையாக அமையும். ஆங்கிலத்தில் எழுதும்போது சிறிய எழுத்துகளையே பயன்படுத்துங்கள். பிஎஸ்கே31-இன் குறியீட்டில் அதிகம் வரும் எழுத்துகளுக்குக் குறைந்த பிட்டுகள். சிறிய ‘e’ இரண்டே பிட்டில் போய்விடும், பெரிய எழுத்துகளோ ஒவ்வொன்றும் ஏழு பிட்டாவது எடுக்கும். உங்கள் நிலையத்தை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியையும் சிறிய எழுத்தில் தாராளமாக அனுப்பலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.