கோபுர உச்சி வெட்டுப்படாமல்: 4×5 கேமராவுக்கு எடை குறைந்த வைட் லென்ஸ்

கேள்வி: மரத்தாலான 4×5 (4×5 அங்குலத் தாள் ஃபிலிம்) மடக்குக் கேமராவும் 150 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். பஸ்ஸிலும் நடையிலுமாகத்தான் சுற்றுகிறேன். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், நாயக்கர் மகால், சமணர் மலை எடுக்க எந்த வைட் லென்ஸ் வாங்கலாம்? பழைய 90 மி.மீ. ஆங்குலான் ஒன்று கைக்கு வருகிறது. — வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: 90 மி.மீ. சரியான தேர்வு. ஆனால் கோபுரத்துக்கு ஆங்குலான் வேண்டாம்.

எடையைவிட முதலில் பார்க்க வேண்டியது பிம்ப வட்டம், அதாவது லென்ஸ் ஃபிலிம் தளத்தில் விழவைக்கும் பிம்பத்தின் விட்டம். 4×5 ஃபிலிமின் மூலைவிட்டம் ஏறக்குறைய 153 மி.மீ.; எஃப்/6.8 ஆங்குலானின் வட்டம் 154 மி.மீ.தான். லென்ஸை மேலே ஏற்ற, அதாவது ரைஸ் கொடுக்க, ஒரு மி.மீ. கூட மிஞ்சாது. கேமராவை அண்ணாந்து வைத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழும்.

தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. ஃபிலிமை நெட்டுவாக்கில் வைத்து, ரைஸ் இல்லாமல் உச்சி வரை பிடிக்க 76 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சித்திரை வீதியில் அதற்கு ஏது இடம்? 216 மி.மீ. வட்டமுள்ள சூப்பர்-ஆங்குலான் எஃப்/8 அல்லது ஃபியூஜினான் எஸ்டபிள்யூ எஃப்/8 என்றால் 37 மி.மீ. ஏற்றலாம், 47 மீட்டர் போதும். நிக்கார் எஸ்டபிள்யூ எஃப்/8-க்கு எஃப்/22-இல் 235 மி.மீ. வட்டம், 42 மீட்டரிலேயே முடியும். எடை 360 கிராம். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இதே நிக்காரின் எஃப்/4.5 வகை 600 கிராம், ஃபில்டரும் 67-க்குப் பதில் 82 மி.மீ. பையில் போட்டு மலையேற அது தேவையில்லை.

எஃப்/8-இல் கிரவுண்ட் கிளாஸ் (ஃபோகஸ் பார்க்கும் பின்பக்கத் தேய்த்த கண்ணாடி) மங்கும் என்பது உண்மை. வெயிலில் கருப்புத் துணியும் லூப்பும் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போதும். மகாலின் தூண்களுக்கிடையே, தூணடியில் சின்ன டார்ச்சை எரியவிட்டு அந்தப் புள்ளியில் ஃபோகஸ் செய்யுங்கள்.

பலர் இடறுவது பெல்லோஸில், அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலுள்ள மடிப்புத் துருத்தியில். 90 மி.மீ.க்கு அது இறுக்கமாக மடிந்துவிடும், ரைஸுக்கு இடம் கொடுக்காது. அடிப்பக்க மடிப்பு குறுக்கிட்டால், பிம்பம் தலைகீழாக விழுவதால் வெட்டுப்படுவது கோபுர உச்சிதான். உங்கள் கேமராவுக்குப் பை பெல்லோஸ் (பை போலத் தளர்ந்த துருத்தி) பொருந்துமானால் வாங்குங்கள். இல்லையேல் உள்வாங்கிய லென்ஸ் போர்டு (லென்ஸைப் பின்னோக்கிக் குழித்துப் பொருத்தும் பலகை). எப்படியானாலும், ரைஸ் கொடுத்து எஃப்/22-க்கு மூடியபின், கிரவுண்ட் கிளாஸின் வெட்டிய மூலைகள் வழியாக லென்ஸைப் பாருங்கள். துவாரம் முழுதாகத் தெரிந்தால் அந்த மூலை பிழைத்தது. நறுக்கியதுபோல் தெரிந்தால் ரைஸைக் குறையுங்கள்.

முழு ரைஸில் ஓரங்களில் வெளிச்சம் சுமார் 2 ஸ்டாப், அதாவது கால்பங்காக, விழும். கருப்பு-வெள்ளைப் படத்தில் வானம் சற்று இருள்வது நல்லதே. ஸ்லைடு ஃபிலிமுக்கு மட்டும் சென்டர் ஃபில்டர் (நடுவில் கருத்து ஓரத்தில் தெளிந்தது). அதற்கு ஒன்றரை ஸ்டாப் கூடுதல் எக்ஸ்போஷர்.

சமணர் மலை, யானைமலை போன்ற காட்சிகள் மட்டுமே என்றால் அந்த ஆங்குலானே போதும். எஃப்/22-இல், ரைஸைத் தொடாமல் எடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது 1 நொடி ஷட்டர் இழுத்து இழுத்து ஓடுகிறதா பாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்து, நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஆங்குலான்களைத் தயாரித்த ஷ்னைடர் நிறுவன லென்ஸ்களில் விளிம்போரம் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் உள்பெயின்ட் உரிந்தவை, படத்தைக் கெடுக்காது. பின் லென்ஸ் உங்கள் கேமராவின் முன் சட்டத் துளைக்குள் நுழையுமா என்று அளந்துவிட்டே பணம் கொடுங்கள்.