பியானோ இசைத்தாள்களை வகை பிரிப்பது ஏன் கடினம்?

பாம்பனில் உங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு நன்கொடையாக வந்த பியானோ இசைத்தாள்களை எப்படி வகை பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நூலகங்கள் பயன்படுத்தும் டூயி தசம வகைப்பாட்டில் பியானோ இசைக்கான எண் 786.2. அதுவரை சிக்கலில்லை, அதற்குப் பிறகுதான் தலைவலி.

பீத்தோவன் 1801-ல் எழுதி முடித்த ‘மூன்லைட்’ சொனாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபான்டசியா போன்ற சொனாட்டா’ என்பது அவரே வைத்த தலைப்பு. சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட கருவியிசை வடிவம், ஃபான்டசியா என்பது கட்டுப்பாடின்றிக் கற்பனைபோல் ஓடும் இசை. அதை எந்த அடுக்கில் வைப்பீர்கள்? இசையமைப்பாளர் ஷோப்பானின் எட்யூட்கள் விரல் பயிற்சிக்கானவை, ஆனால் கச்சேரி மேடையிலும் முழங்குகின்றன. அவருடைய வால்ட்ஸ்கள் நடன இசை வடிவம், ஆடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஒரு வகைப்பெயர் வடிவத்தைச் சொல்கிறது, இன்னொன்று பயனை, மற்றொன்று மனநிலையை. மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு மேடையேறினால் அது தொழிற்பாட்டா, கலை நிகழ்ச்சியா என்ற கேள்வி நம் கரையிலும் உண்டே!

என் கருத்தில், அலமாரியில் இசையமைப்பாளர் பெயர், ஓபஸ் எண் (படைப்புக்குத் தரப்படும் வரிசை எண்) என்ற வரிசை போதும். வகையைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரே படைப்புக்கு இரண்டு மூன்று வகைகள் தாராளமாக இருக்கட்டும். தேடி வருபவர் எந்த வழியில் வந்தாலும் தாள் கிடைக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.