வெட்டினோம், மைதானமே வைக்கோல் நிறமாகிவிட்டது!

கேள்வி: எங்கள் பள்ளிக் கால்பந்து மைதானத்தில் அருகம்புல்தான். விடுமுறையில் கணுக்கால் உயரம் வளர்ந்துவிட்டது. போட்டிக்கு முந்தைய நாள் மெஷினை அடிமட்டத்துக்கு இறக்கி ஒரே மூச்சில் வெட்டினோம். இப்போது மைதானம் முழுக்க வைக்கோல் நிறம். உரம் போட்டால் சரியாகுமா?
- உடற்கல்வி ஆசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்: மாஸ்டர், இப்போதைக்கு உரத்தைத் தொடாதீர்கள். புல் சாகவில்லை. வெட்டாத ஓரத்தில் உட்கார்ந்து புல்லை விலக்கிப் பாருங்கள். மேலே மட்டும்தான் பச்சை இலை, கீழே வெறும் தண்டு. உயரமாக வளர்ந்தால் உள்ளே வெளிச்சம் இறங்காது, கீழ் இலைகள் காய்ந்துவிடும். இருந்த பச்சையை நீங்கள் மொத்தமாக எடுத்துவிட்டீர்கள். இனி தண்டிலும் வேரிலும் உள்ள சேமிப்பைச் செலவழித்துத்தான் அது துளிர்க்க வேண்டும். தண்ணீர் விடுங்கள், பிள்ளைகளைச் சில நாள் வேறு பக்கம் ஆட விடுங்கள். பச்சை திரும்பியதும் கொஞ்சமாக யூரியா போட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் போதும்.

அடுத்த முறைக்கு ஒரே விதி: ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. புல் 75 மி.மீ. இருந்தால் முதலில் 50, மூன்று நான்கு நாள் கழித்து 35, அப்புறம் 25. போட்டித் தேதி தெரிந்ததுமே பின்னோக்கி எண்ணி ஆரம்பித்துவிடுங்கள். பள்ளி ஆட்டத்துக்கு 25 முதல் 30 மி.மீ. தாராளம். கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு என்றால் இன்னும் சற்று உயரமாகவே விடுங்கள், வேர் ஆழமாகப் போகும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு வெட்டுகூடத் தேவைப்படும்.

மெஷினில் வெட்டு உயரத்தைக் காட்டும் எண்களை நான் நம்புவதே இல்லை. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, மெஷினைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, தரையிலிருந்து பிளேடு முனை வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிளேடு மழுங்கியிருந்தால் புல்லை வெட்டாது, கிழிக்கும். மறுநாள் நுனியெல்லாம் வெளுத்துத் தெரியும்.

கேள்வி: விம்பிள்டனில் புல் 8 மி.மீ.தானாமே? நம் மைதானத்திலும் அப்படி வெட்ட முடியாதா?
- பிளஸ் டூ மாணவர், மதுரை

பதில்: உண்மைதான் தம்பி. 1995 முதல் அங்கே அதுதான் அளவு, போட்டி நாட்களில் தினமும் வெட்டுகிறார்கள். ஆனால் அது ரைகிராஸ் என்ற குளிர்நாட்டுப் புல். கோர்ட்டை ரோலர் உருட்டிப் பலகை போல் சமமாக்கி, கத்தரிக்கோல் மாதிரி வெட்டும் ரீல் மெஷினை ஓட்டுகிறார்கள். அருகம்புல் இனத்திலும் அதைவிடத் தாழ்வாக வெட்டத் தாங்கும் குட்டை ரகங்கள் உண்டு, கோல்ஃப் மைதானங்களில் போடுகிறார்கள். நம் பள்ளி மைதானத்தில் சிக்கல் தரைதான். மேடும் பள்ளமுமான இடத்தில் 8 மி.மீ.க்கு இறக்கினால் பிளேடு மேட்டில் மண்ணைச் சீவும், பள்ளத்தில் புல்லைத் தொடாது. முதலில் சலித்த மண்ணும் மணலும் கலந்து பள்ளங்களில் மெல்லிசாகத் தூவி நிரவுங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிவிடக் கூடாது.