புல்தரையில் பட்டை விழ: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கிரிக்கெட் மைதானத்துல கரும்பச்சை ஒரு பட்டை, இளம்பச்சை ஒரு பட்டைன்னு மாத்தி மாத்தித் தெரியுதுங்களே, அது ரெண்டு ஜாதிப் புல்லுங்களா? வீட்டு முன்னாடி மூணு சென்ட்ல கொரியன் புல் போட்டிருக்கோம். அதுலயும் அப்படி வருமுங்களா? (பல்லடம் வாசகர்)

புல் ஒன்றுதான், வெட்டிய உயரமும் ஒன்றுதான். சாய்ந்திருக்கும் திசை மட்டும் வேறு. மெஷினின் பின்னால் உருளும் ரோலர், போகும் திசையிலேயே புல்லைச் சாய்த்துவிடும். ஒரு பட்டை போகும்போது, அடுத்த பட்டை திரும்பி வரும்போது என்று ஓட்டுவதால் திசை மாறி மாறி விழுகிறது. வெல்வெட் துணியைக் கையால் ஒரு பக்கம் தடவினால் பளபளக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கருக்கும். புல்லிலும் நடப்பது அதுவே. உங்களைவிட்டு விலகிச் சாய்ந்த இலையின் அகலப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அந்தப் பட்டை வெளிர்கிறது. உங்களை நோக்கிச் சாய்ந்ததில் நுனியும் நிழலும்தான் தெரியும், அதனால் கருக்கிறது. எதிர்முனைக்குப் போய் நின்று பாருங்கள், இரண்டும் இடம் மாறியிருக்கும்.

துணியை உவமை சொன்னதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். கம்பளித் துணியின் மேல் நிற்கும் நூல் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் மில் மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

கொரியன் புல்லில் பட்டை மங்கலாகத்தான் விழும். அதன் இலை ஊசிபோல மெல்லியது, விறைப்பானது, சீக்கிரம் நிமிர்ந்துவிடும். போதாக்குறைக்கு மேடு மேடாகத் திரளும். நீளமான மென்மையான இலை உள்ள குளிர்நாட்டுப் புல்லில்தான் பட்டை மிக அழகாக விழும், ஆனால் அது நம் சித்திரை வெயிலைத் தாங்காது. நர்சரியில் பெர்முடா என்று விற்கும் அருகம்புல் வகையை 25 மில்லிமீட்டரில் அடர்த்தியாக வைத்திருந்தால் பட்டை இரண்டு மூன்று நாள் நிற்கும். இருக்கும் கொரியனைப் பிடுங்க வேண்டியதில்லை. 30 மில்லிமீட்டர் வரை வளரவிட்டு, வெட்டிய கையோடு ரோலர் ஓட்டுங்கள்.

எங்ககிட்ட இருக்கிறது பெட்ரோல் மெஷின், பின்னாடி ரோலர் இல்லை. புதுசா வாங்கணுமா? வெட்டின ரெண்டாம் நாளே புல் நுனியெல்லாம் வெளுத்துப் போகுது, அது ஏன்? (ஈரோடு வாசகி)

வாங்க வேண்டாம். நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் 45 சென்டிமீட்டர் வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, காய்ந்த மணலை நிரப்புங்கள். ஏறக்குறைய 6 கிலோ வரும். மூடிகளின் நடுவே ஒரு கம்பியைச் செருகி, மெஷினின் பின்புறத்தில் சங்கிலியால் இழுபடும்படி மாட்டினால் போதும். குழாய் உருள வேண்டும், இழுபட்டுத் தேயக் கூடாது. மணல் தளர்ந்திருந்தால் ஒரு பக்கம் சேர்ந்து குழாய் கோணலாக ஓடும், ஆகவே தட்டித் தட்டி நிரப்புங்கள்.

நுனி வெளுப்பதற்குக் காரணம் மழுங்கிய பிளேடு. அது புல்லை வெட்டுவதில்லை, கிழிக்கிறது. கிழிந்த நுனி காய்ந்து, தரை முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். அதன்மேல் எந்த ரோலர் ஓட்டியும் பயனில்லை. பிளேடைக் கழற்றிச் சாணை பிடியுங்கள். பிடித்தபின் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தால், ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் எடை கூடுதல் என்று தெரியும், அதை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். கையால் தள்ளும் உருளை மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் சோதனை இன்னும் எளிது: அடிப்பிளேடில் நாளிதழ்த் துண்டை வைத்து உருளையைக் கையுறை போட்டுச் சுற்றுங்கள். காகிதம் முழு நீளத்துக்கும் கத்தரித்தாற்போல வெட்டுப்பட வேண்டும். மடங்கினால் அடிப்பிளேடைச் சற்று நெருக்குங்கள்.

கோடு நேரா வரமாட்டேங்குது. திரும்புற இடத்துல புல் உரிஞ்சும் போகுதுங்க. (கோபி வாசகர்)

உழவில் முதல் சால் கோணினால் மற்றதும் கோணும். இங்கும் முதல் கோடுதான் எல்லாம். காம்பவுண்ட் சுவரை நம்பாதீர்கள், கொத்தனார் நூலைக் கட்டி அதையொட்டி ஓட்டுங்கள். கண் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, எதிர்முனையில் ஓர் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன்மேல் 2 அங்குலம் ஏறட்டும். இல்லாவிட்டால் நடுவில் மீசைபோல ஒரு வரி நிற்கும்.

முதலில் ஓரத்தைச் சுற்றி இரண்டு சுற்று வெட்டிக்கொள்ளுங்கள், அதுதான் திரும்பும் இடம். ஒரே சக்கரத்தில் நின்ற நிலையில் சுழற்றினால் புல் உரியும். முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அகலமாகத் திரும்புங்கள். எல்லாம் முடிந்தபின் ஓரத்தை மறுபடி ஒரு சுற்று ஓட்டினால் திரும்பிய தடம் மறைந்துவிடும்.

ஒரே தடத்தில் வாராவாரம் ஓட்டினால் புல் படுத்தே பழகி, பிளேடுக்கு எழும்பாமல் போய்விடும். அடுத்த முறை குறுக்கே, அதற்கடுத்து மூலைவாட்டில் ஓட்டுங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஊருக்குப் போய்வந்து மொட்டையாக அடித்தால் கீழுள்ள பழுப்புத் தண்டு தெரிய ஆரம்பித்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போது ரோலர் வேண்டாம். கரிசல் மண்ணாக இருந்தால் இறுகிப்போய் வேருக்கு மூச்சு முட்டும்.

போர் தண்ணிதான் விடறோம். புல் மஞ்சளாவே இருக்கு, யூரியா போட்டும் பச்சை வரலைங்க. (காங்கேயம் வாசகி)

இளம் இலையைக் கிள்ளிப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. முதிர்ந்த இலைதான் முதலில் வெளுக்கிறது என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை.

இரும்புக் குறைக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 1 கிராம், அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம் என்று அந்த வரிசையில் கரைத்து, சென்ட்டுக்கு 3 லிட்டர் வீதம் சாயங்காலம் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம். டைல்ஸ், சிமென்ட் மேல் பட்டால் துருக்கறை போகவே போகாது, ஓரத்தில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். தழைச்சத்துக்கு யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் இந்த மண்ணுக்கு ஏற்றது. சென்ட்டுக்கு 800 கிராம், இலையில் ஈரம் இல்லாதபோது தூவி உடனே தண்ணீர் விட வேண்டும், தாமதித்தால் கருகும். உப்பு எவ்வளவு என்று தெரிய, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தினமும் எவ்வளவு தண்ணி விடணும்? (பொள்ளாச்சி வாசகர்)

வெயில் காலத்தில் சென்ட்டுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் கணக்கு. அதை ஒருநாள் விட்டு ஒருநாள் 400 லிட்டராக, விடிகாலையில் விடுங்கள். ஆடிக்காற்றில் மழை தூறினாலும் மேல்மண் காய்ந்துகிடக்கும், விரலை விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐப்பசி மழையில் நிறுத்திவிடலாம்.