ஆக்‌ஷன் அட்வென்ச்சர் கேம்களில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன?

கேள்வி கேட்டவர், "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கின்றன, எப்படிச் சலிக்காமல் ஆடுகிறீர்கள்?" என்றும் கேட்டிருக்கிறார். பதினைந்து வருடமாக நான் அதிகம் ஆடுவது சண்டை, தேடல், புதிர் மூன்றும் கலந்த இந்த வகையைத்தான். அதனால் முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்'. 2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த கேம். ஆளரவமே இல்லாத பெரிய நிலம், ஒரு குதிரை, ஒரு வாள், ஒரு வில். வீழ்த்த வேண்டியது 16 ராட்சதர்களை. நடுவில் அடித்துப்போடச் சில்லறை எதிரிகள் ஒருவர்கூடக் கிடையாது. வழி தெரிய வேண்டுமென்றால் வாளை வெயிலில் தூக்கிப் பிடிக்க வேண்டும். சிதறும் ஒளி, போக வேண்டிய திசைக்குத் திரும்பும்போது ஒரே கோடாகக் குவியும். நிழலில் நின்றால் அதுவும் உதவாது.

ராட்சதனைக் கண்டுபிடித்த பிறகு அவன் உடம்பிலுள்ள ரோமத்தைப் பிடித்து மேலே ஏற வேண்டும். பிடிக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கீழே போய் விழுவோம். திரை ஓரத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதுதான் நம் பிடியின் தெம்பு. தொங்கத் தொங்க அது சுருங்கும். அவனோ உடம்பை உலுக்குவான், நம் ஆள் கொடியில் காயும் துணி மாதிரி அங்கும் இங்கும் பறப்பான். வட்டம் கடுகளவு ஆகிவிட்டது, தோளுக்கு இன்னும் நாலு பிடி தூரம். எனக்கு நிஜமாகவே விரல் வலித்தது. திரையில் தொங்குகிறவனும் நானும் செய்வது அப்போது ஒரே வேலை. கடைசியில் வாளைப் பாய்ச்சியதும் வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. சோகமான இசையோடு அந்தப் பெரிய உடம்பு மெல்லச் சரிகிறது. முதல் முறை அதைப் பார்த்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது இதுதான். கையால் செய்வதும், நிற்கிற இடமும், கதையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். 2017இல் வந்த 'ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டிலும் அப்படித்தான். கண்ணில் படும் மலையில் பெரும்பாலும் ஏறிவிடலாம், ஆனால் மழை வந்தால் பாறை வழுக்கும். பாதி மலையில் ஒரு சின்ன விளிம்பில் நின்று மழை விடக் காத்திருந்திருக்கிறேன். இடி இடிக்கும்போது முதுகில் இரும்பு வாள் இருந்தால் மின்னல் நம் தலையில்தான் இறங்கும். ஒருமுறை செத்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. அதற்கப்புறம் வானம் கறுத்தாலே கை தானாக வாளைக் கழற்றிவிடும்.

சரி, பிடிக்காதது. ஆடுகிறவனுக்கு மூளை இருக்கிறது என்பதையே பல கேம்கள் மறந்துவிடுகின்றன. 2022இல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' எனக்கு மிகவும் பிடித்த கேம்களில் ஒன்று. எறிந்த கோடாரி திரும்பி வந்து கையில் பட்டென்று விழும்போது கன்ட்ரோலர் அதிர்வதற்காகவே அதை இன்னொரு தடவை ஆடலாம். ஆனால் புதிர் வந்தால் போதும், கூட வருகிறவர்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, இரு, அந்தச் சக்கரத்தைக் கோடாரியால உறைய வெச்சா..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் திரையில் ஒருவர் விடையைச் சொல்லிவிட்டார். தம்பி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். எனக்கு மனசே கேட்கவில்லை.

இன்னொன்று மஞ்சள் பெயின்ட். 2023இல் புதுப்பித்து வந்த திகில் கேமான 'ரெசிடென்ட் ஈவில் 4' வந்தபோது அது பெரிய விவாதமானது. உடைக்கக்கூடிய பெட்டி, ஏறக்கூடிய ஏணி எல்லாவற்றிலும் மஞ்சள். இதற்குக் காரணம் உண்டு. 1996இல் வந்த முதல் 'டோம்ப் ரெய்டர்' உலகம் சதுரக் கட்டங்களால் ஆனது. எத்தனை கட்டம் தாண்டலாம் என்று கண்ணாலேயே அளந்து குதிக்கலாம். இன்றைய பாறைகள் நிஜப் பாறை மாதிரியே இருப்பதால் எதைப் பிடிக்கலாம், எது வெறும் அலங்காரம் என்று தெரிவதில்லை. காரணம் புரிகிறது, ஆனாலும் ஆயிரம் வருடப் பாழடைந்த கோயிலில் யார் வந்து பெயின்ட் அடித்தார்கள் என்ற கேள்வி எழும்போது அந்த இடமே பொய்யாகிவிடுகிறது.

கதையும் ஆட்டமும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதும் உண்டு. அதே வரிசையில் 2013இல் வந்த 'டோம்ப் ரெய்டர்' கதையில் நாயகி லாரா முதல் கொலை செய்துவிட்டு நடுங்குவாள். அந்தக் காட்சி நன்றாக இருக்கும். சில நிமிடங்களில் அவளை வைத்தே நாம் வரிசையாக ஆட்களைச் சுட்டுத் தள்ளுவோம். அந்த நடுக்கம் எங்கே போனது?

"ஒரே மாதிரி" என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். வில், கோபுரம் ஏறினால் திறக்கும் வரைபடம், புள்ளி கொடுத்து வாங்கும் திறமைகள் என்று ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் மாற்றி யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2020இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் வழிகாட்ட அம்புக்குறிக்குப் பதில் காற்று வீசும். புல் சாயும் பக்கம் குதிரையை விட்டால் போதும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 2018இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி டோம்ப் ரெய்டர்' ஆடிப் பார்க்கலாம். சண்டை, தேடல், புதிர் மூன்றுக்கும் கடினத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியும். சண்டையை எளிதாக வைத்துவிட்டுத் தேடலையும் புதிரையும் கடினமாக்குங்கள். விளிம்புகளில் இருக்கும் வெள்ளைப் பூச்சு மறைந்துவிடும், லாராவும் துப்புச் சொல்ல மாட்டாள். போன மாதம் தம்பியும் நானும் அப்படித்தான் ஆடினோம். ஒரு கல்லறையில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டோம். கடைசியில் வழியைக் கண்டுபிடித்தது அவன்தான்.