தொட்டபெட்டா பிரிவு வந்தாலே வயிறு கலங்குது, டாக்டர்

கோத்தகிரிப் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பிலிருந்து 23 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். ஊட்டி விடுதி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. மேலாளர் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, சாதியைச் சொல்லித்தான். விருந்தினர் எதிரிலேயே "காட்டுல இருந்து வந்ததுக்கு கம்ப்யூட்டர் ஒரு கேடா" என்று சிரிக்கிறாராம். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, காலை பஸ் தொட்டபெட்டா பிரிவைத் தொடும்போதே வயிறு கலங்குகிறது. "எனக்கு மனநோயா? தூக்க மாத்திரை போடலாமா?" என்று கேட்கிறார்.

இல்லம்மா. தினமும் ஒருத்தர் உங்களைக் கேவலப்படுத்தினால் உடம்பு சண்டைக்குத் தயாராகவே நிற்கும். நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரும். கோளாறு உங்களிடம் இல்லை, அந்த மேலாளரிடம். ஆனால் இரண்டு மாதம் தூங்காமல் இருந்தால் அதுவே தனி வியாதியாக மாறிவிடும், அதனால் பார்க்கத்தான் வேண்டும்.

மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தருகிற அல்பிரசோலம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, ஆனாலும் கை மாறுகிறது. சில வாரத்தில் பழகிவிடும், திடீரென நிறுத்தினால் இருந்த தூக்கமும் போகும். இன்னொரு கூட்டம் கவுன்சலிங்குக்கு "பத்து சிட்டிங் பேக்கேஜ்" என்று போர்டு மாட்டியிருக்கும். மனநல மருத்துவரா, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள உளவியலாளரா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடித்தால் தமிழிலேயே, காசில்லாமல், எந்த நேரமும் பேசலாம். சாகத் தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே அடிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் நீங்கள் சொல்வது முதலாளி காதுக்குப் போகக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். பத்து நிமிடம் எழுதி மூடிவிட வேண்டும், படுக்கையில் திரும்பப் படிக்கக் கூடாது. நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம் (நீலகிரியில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும்). வேலையை விடுவதா என்பதை ராத்திரி மூணு மணிக்கு முடிவு பண்ணாதீர்கள், தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசியுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி சாதியைச் சொல்லித் திட்டுவது குற்றம். ஆனால் "பொதுமக்கள் பார்வையில்" நடந்திருக்க வேண்டும், இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கதவைச் சாத்திய அறையில் நீங்களும் அவரும் மட்டும் என்றால் அந்தப் பிரிவு நிற்காது. உங்கள் சொந்தக்காரர், சிநேகிதி மட்டும் கேட்டிருந்தாலும் போதாது. ஆனால் கட்டடத்துக்குள்ளேயே வெளியாட்கள் நின்று கேட்டிருந்தால் பொருந்தும். வாசல் கேட்டுக்கு உள்ளே இருக்கிற புல்வெளிதான், ஆனால் ரோட்டில் போகிறவருக்குத் தெரியும் என்றாலும் பொருந்தும் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் சாவி வாங்க விருந்தினர் நிற்கிறார்கள். அதனால்தான் நோட்டில் யார் இருந்தார்கள் என்று எழுதச் சொன்னேன்.

எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை, நகலை இலவசமாகத் தர வேண்டும். சட்டம் அப்படி. ஸ்டேஷனிலோ முதலில் சாதிச் சான்றிதழ் கொண்டு வா என்பார்கள், அதற்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீஸ், அங்கே "அடுத்த வாரம் வாம்மா". அவமானப்பட்டவரையே அலையவிட்டு அதே அவமானத்தை இன்னொரு முறை பண்ணுகிற ஏற்பாடு இது, பார்த்துப் பார்த்து எனக்கே ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. வாசலில் மனு எழுதுகிற ஆள் "பேசி முடிச்சுத் தர்றேன்" என்பார். அரசு தருகிற நிவாரணத் தொகை உண்டு என்று அவருக்கும் தெரியும், பங்கு கேட்பார், அப்புறம் மேலாளரிடமும் வாங்குவார். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 14566 என்று வன்கொடுமைக்கான உதவி எண் இருக்கிறது, முதலில் அதில் கேளுங்கள். போகும்போது துணைக்கு ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்து எழுதும்போது எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்பது நோட்டிலேயே இருக்கட்டும்.