ஆசிட் தண்ணில பாக்டீரியா நிஜமாவே செத்துடுதா?

கேள்வி: மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துல இருந்து வர்ற ஆசிட் தண்ணி ஒரு ஓடைல கலக்குது, அதே ஓடைல மேல சாக்கடையும் சேருது. ஆனா கீழ தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணா ஈ.கோலி (சாக்கடை கலந்தா வர்ற குடல் பாக்டீரியா) ஜீரோ. ஆசிட் எல்லாத்தையும் கொன்னுடுச்சுன்னு நம்பலாமா?

பதில்: தயவுசெஞ்சு நம்பிடாதீங்க. சுரங்கப் பாறைல இருக்குற பைரைட்ங்கிற இரும்பு-கந்தகக் கனிமம் மேல காத்தும் தண்ணியும் பட்டா கந்தக அமிலமா மாறும், பிஹெச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3 வரைக்கும்கூட இறங்கிடும். சாதா தண்ணி 7, அதாவது 3-ல ஹைட்ரஜன் அயனி பத்தாயிரம் மடங்கு அதிகம். ஈ.கோலியோ தன் உடம்புக்குள்ள 7.5 பக்கம் வச்சுக்கணும், அதனால உள்ள வர்ற அமிலத்த வெளிய தள்ளித் தள்ளியே அதோட சக்தி தீர்ந்துடும், போதாக்குறைக்கு தண்ணில கரைஞ்சிருக்குற இரும்பு, அலுமினியம், செம்பு வேற. நிறைய செத்துடும், அது உண்மைதான். ஆனா ஒரு பங்கு சாகாது, அடிபட்டுக் கிடக்கும், வெளிச்சவ்வு ஓட்டையாகி.

இங்கதான் டெஸ்ட் ஏமாத்துது. மெக்கான்கி அகார் (பாக்டீரியா வளர்த்துப் பாக்குற ஜெல்லி) மாதிரி தட்டுல வேற பாக்டீரியா வளரக்கூடாதுன்னு பித்த உப்பு போட்டிருப்பாங்க. நல்லா இருக்குற ஈ.கோலிக்கு அது ஒண்ணும் பண்ணாது, மறுநாள் காலைல பாத்தா சிவப்பா புள்ளி புள்ளியா வந்து நிக்கும். சவ்வு கிழிஞ்சதுக்குள்ள அந்த உப்பு புகுந்துடும், அது வளராது, தட்டு காலியா இருக்கும், நாம ஜீரோன்னு எழுதிடுவோம்! உயிரோட இருக்கறத செத்துடுச்சுன்னு எழுதுறது எவ்வளவு ஆபத்து பாருங்க.

அதே பாக்டீரியாவ பித்த உப்பு இல்லாத, சத்துள்ள திரவத்துல 35 டிகிரில ஒண்ணு ரெண்டு மணி நேரம் விட்டா, பெருகாம முதல்ல சவ்வத்தான் சரி பண்ணும், அப்புறம் மெக்கான்கில போட்டாலும் வளரும். ஓடையிலயும் இது நடக்கலாம், கீழ சுண்ணாம்புப் பாறை வழியா போயோ நல்ல தண்ணி கலந்தோ அமிலம் குறைஞ்சு, கொஞ்சம் சத்தும் கிடைச்சா தேறிக்கும்.

அதனால லேப்ல ஒண்ணு கேளுங்க, ஒரே சாம்பிள நேரா ஒரு தட்டுலயும், தேற விட்டு இன்னொரு தட்டுலயும் போடச் சொல்லுங்க, பெருக ஆரம்பிக்கறதுக்குள்ள மாத்திடணும். ரெண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான் அடிபட்டு உயிரோட இருக்குற கூட்டம்.